தேய்ந்த ரப்பரும் ஜட்டி கேமும்

மகாய்முரா என்ற பழைய வீடியோ கேமை விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் நாம் ஆட்டும் வீரன் ஆர்தர் ஒருமுறை தாவிவிட்டால் அப்புறம் நம் கையில் ஒன்றும் இல்லை. கால் தரையை விடும் நேரத்தில் வலது பக்கம் அழுத்தியிருந்தால் வலப்பக்கம் வளைந்து போவான். அழுத்தாமல் விட்டிருந்தால் நேரே மேலே போய் நேரே கீழே வருவான். நடுவானில் திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று தாவும்போது இந்த வித்தியாசம் உயிரைக் குடித்துவிடும்.

சின்ன வயதில் அந்தத் தாவல் எனக்கு அடிக்கடி தவறும். "உனக்குக் கை சரியில்லை" என்றுதான் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இப்போது அதே விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, மின்தொடர்பை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாயிற்று. என் கை மேல் போட்ட பழியில் பெரும்பகுதி கன்ட்ரோலரின் வலது பொத்தானுக்கு அடியில் இருந்த ரப்பருக்குப் போக வேண்டியது.

கேமைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கேப்காம் 1985ல், காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காகச் செய்தது இது. வடிவமைத்தவர் தொகுரோ ஃபுஜிவாரா. ஜப்பானில் பெயர் மகாய்முரா, மற்ற நாடுகளில் கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ். 1986ல் நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுப் பெட்டியான ஃபேமிகாமுக்கு வந்தது. கதை இரண்டு வரிதான்: இடுகாட்டில் வீரன் ஆர்தரும் இளவரசியும் உட்கார்ந்திருக்கிறார்கள், பேய் வந்து இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறது, இவன் துரத்துகிறான். ஒரு அடி பட்டால் கவசம் கழன்று வெறும் ஜட்டியோடு நிற்பான். இன்னொரு அடி பட்டால் எலும்புக்கூடு. அதனால் எங்கள் தோட்டத்தில் அதற்கு 'ஜட்டி கேம்' என்றுதான் பெயர். மகாய்முரா என்பதெல்லாம் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது.

பாஸ்வர்ட் கிடையாது. சேவ் கிடையாது. எங்கள் லயத்தில் அப்போது இரவு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரில்தான். பத்து மணிக்கு அது நின்றால் கேமும் நின்றது. மறுநாள் மீண்டும் இடுகாட்டிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிப் பேயைக் கொன்றால் கேம் முடியாது, 'இதெல்லாம் மாயை' என்று சொல்லி முதலிலிருந்து இன்னொரு முறை, இன்னும் கடினமாக ஆட வைக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கோலி விளையாடப் போயிருப்போம்.

இப்போது நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், டவுனுக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்). தோட்டத்து வீட்டைக் காலி செய்து அம்மாவை இங்கே கூட்டி வந்தபோது அலமாரியின் அடித்தட்டில் பெட்டி கிடைத்தது. பெயர் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியின் ஃபேமிகாம் நகல். மேலே என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லாருக்கும் அது மைக்ரோ ஜீனியஸ்தான். கூடவே இரண்டு கன்ட்ரோலர், சில கேம் கேசட்டுகள், கரப்பான் முட்டைகள், ஒரு பல்லி முட்டை ஓடு.

மின்சாரம் முதலில்

அடாப்டரை அப்படியே குத்திப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். போடக் கூடாது. பழைய நகல் பெட்டிகளில் சிலவற்றுக்கு அடாப்டர் முனையின் நடுப்பகுதி எதிர்மின், சிலவற்றுக்கு நேர்மின். ஒரிஜினல் ஃபேமிகாமுக்கு நடுப்பகுதி எதிர்மின். என் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தாள் உரிந்து போய்விட்டதால், பெட்டியைத் திறந்து மின் செருகியிலிருந்து போர்டில் பதித்த செம்புத் தகடு எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தேன். 7805 என்று எழுதிய மூன்று கால் ரெகுலேட்டரின் நடுக்கால் எப்போதும் கிரவுண்ட். செருகியின் எந்தப் பகுதி அதோடு சேர்கிறதோ அதுதான் எதிர்மின். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்தால் ஒரு நிமிடத்து வேலை. இதிலும் நடுப்பகுதிதான் எதிர்மின்.

பழைய அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அது இரண்டு கால் செருகி. நம் மூன்று கால் சாக்கெட்டின் மேல் துளையில் சாப்ஸ்டிக்கைக் குத்திக்கொண்டுதான் அதைச் செருகுவோம். மலேசியாவில் வளர்ந்த எவரும் இதைச் செய்யாமல் இருந்திருக்க மாட்டார்கள், ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், இனி வேண்டாம். 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று புதிதாக வாங்கி முனையின் நேர்மின், எதிர்மின் கம்பிகளை மாற்றி ஈயத்தால் பற்ற வைத்தேன். 7805 அந்த 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும், மீதியைச் சூடாக வெளியே தள்ளும். அதற்குப் பின்னால் திருகியிருந்த அலுமினியத் தகட்டில் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன்.

ரெகுலேட்டருக்கு முன்னால் இருந்த 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குவது) மேல்பக்கம் உப்பியிருந்தது. அதை அப்படியே விட்டால் திரையில் ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஈப்போவில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடையில் அது சில காசுதான். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் புடு பக்கத்து ஜாலான் பாசார் இருக்கிறது, இந்தப் பதிவில் வரும் பொருளெல்லாம் அங்கே ஒரே தெருவில் கிடைக்கும்.

ஊதாதீர்கள்

மின்சாரம் வந்தது, படம் வரவில்லை. சாம்பல் திரை. இது அநேகமாகக் கேசட் முனைகளின் வேலை.

கேசட்டை எடுத்து ஊதுவது எங்களுக்கெல்லாம் ஒரு சடங்கு. ஊதிவிட்டுப் போட்டால் ஓடும். ஆனால் ஓடியது ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பக் குத்தியதால். குத்தும்போது முனை கொஞ்சம் உராய்ந்து கறை விலகுகிறது. ஊதியதால் நடந்தது ஈரத்தையும் எச்சிலையும் செம்பின் மேல் தெளித்ததுதான். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் போதுமான அளவு இருக்கிறது.

முனைகளை வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, இன்னொன்று எடுத்தேன், அதுவும் கறுத்தது. வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது. பெட்டியின் செருகி ஒரு பக்கத்துக்கு 30, மொத்தம் 60 கால். அவற்றில் சில உள்பக்கம் தளர்ந்து போயிருந்தன. பல் குத்தும் ஊசி போன்ற ஒரு வளைந்த கம்பியால் ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு முன்னால் இழுத்துவிட்டேன். இதில் அவசரப்பட்டால் கால் ஒடியும். ஒடிந்தாலும் உலகம் முடியாது, 2.54 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 60 முனைச் செருகி புதிதாகக் கிடைக்கும். ஆனால் அதை மாற்ற 60 இடத்தில் ஈயத்தை உறிஞ்ச வேண்டும். எனக்கு அந்த ஆசை இல்லை.

அடுத்த முறை போட்டபோது படம் வந்தது, எழுத்தெல்லாம் குப்பையாக. இதற்கும் காரணம் இருக்கிறது. மகாய்முராவின் 128 கிலோபைட் ரோமில், அதாவது அழியாத நினைவகத்தில், நிரலும் படங்களும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. படத்துக்கென்று தனி ரோம் கிடையாது. கேம் ஓடும்போது தேவையான படங்களை எடுத்துக் கேசட்டில் உள்ள 8 கிலோபைட் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) கொட்டி அங்கிருந்து வரைகிறது. வழியில் ஒரு முனை சரியாகப் படவில்லை என்றாலும் இடுகாடு கீரைக் கட்டாகிவிடும். இன்னொரு முறை துடைத்ததும் கல்லறைகளும் மரங்களும் அதனதன் இடத்துக்கு வந்தன.

பாட்டே இல்லாத கேம்

இங்கே ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. எங்கள் வீட்டு டிவியில் இந்தக் கேமுக்குச் சத்தமே வராது, 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும்தான். கேமுக்குப் பாட்டு உண்டு என்பதையே மளிகைக் கடைக்காரர் வீட்டு டிவியில் ஆடிய அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் டிவி மட்டம், அவர் டிவி உசத்தி என்று அப்பாவிடம் சண்டை வேறு போட்டேன்.

டிவி மேல் தப்பில்லை. இந்தப் பெட்டிகள் ஆன்டெனா ஒயர் வழியாகத்தான் டிவிக்குப் போகும். உள்ளே ஒரு சின்னத் தகரப் பெட்டி படத்தையும் ஒலியையும் ஒரு சேனலாக மாற்றி அனுப்புகிறது. மலேசியாவில் படத்துக்கும் ஒலிக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஹாங்காங்கில் அது 6. சீனாவில் 6.5. வேறு ஊருக்காகச் செய்த பெட்டி இங்கே வந்தால் படம் பிடிபடும், ஒலி பிடிபடாது. மளிகைக் கடைக்காரருடையது பல நாட்டு முறைகளும் தெரிந்த டிவி, மெனுவில் ஒலி முறையை மாற்றிக்கொள்ளலாம். எங்களுடையதில் மெனுவே இல்லை. திருகு பொத்தான்தான்.

தகரப் பெட்டியை இனி நம்பிப் பயனில்லை, படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கம்பியில் நேரே டிவிக்கு அனுப்பும் ஏவி எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். தகரப் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே ஒலிக் கம்பியையும் படக் கம்பியையும் பிடிக்கலாம். ஒலிக்கு அது போதும். படத்தை அப்படி எடுத்தபோது திரை முழுக்க மங்கலான செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. படத்தின் தகடு போர்டில் மற்றத் தகடுகளின் பக்கத்திலேயே நீண்ட தூரம் ஓடுகிறது, அவற்றின் சலசலப்பு இதில் ஏறிக்கொள்கிறது. அதனால் மூலத்துக்கே போனேன். என் பெட்டிக்குள் இருந்தது யூஎம்சி கம்பெனியின் 6527பி, 6538 என்ற இரண்டு சிப்புகள். முதலாவது மூளை, இரண்டாவது படம் வரைவது. 6538ன் 21ஆம் கால்தான் படம். அந்தக் காலைப் போர்டிலிருந்து விடுவித்துத் தூக்கி, அதிலிருந்து ஒரு சின்னச் சுற்று: 2என்3906 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டர் ஒன்று. சிப்பின் காலிலிருந்து வரும் கம்பி டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸ் என்பதற்கு. கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிட்டரிலிருந்து 300 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டரிலிருந்து 110 ஓமும் 220 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் வரிசையாகப் போய் மஞ்சள் செருகிக்கு. கெப்பாசிட்டரின் நேர்மின் பக்கம் டிரான்சிஸ்டரைப் பார்த்திருக்க வேண்டும். சிப்பின் கால் பக்கத்துக் கம்பியை முடிந்தவரை குட்டையாக வைக்கவும். கோடுகள் முழுவதும் போகவில்லை, ஆனால் தேடினால்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இதே போல் வெளியே தெரியும் பெட்டிகள் பலவற்றில் இரண்டு சிப்புக்குப் பதில் போர்டின் மேல் ஒரு கறுப்புப் பிசின் சொட்டு மட்டும் இருக்கும். அதில் 21ஆம் காலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், தகரப் பெட்டியின் வாசலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

வலது பொத்தான்

இப்போது கன்ட்ரோலர். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி, மற்றதெல்லாம் இதுவரை வந்து சேரச் செய்த வேலை.

திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. பொத்தானுக்குக் கீழே ரப்பர் மெத்தை, அதன் அடியில் கறுப்புக் கார்பன் வட்டம், அதற்கும் கீழே போர்டில் சீப்புப் பல் மாதிரி கோத்த இரண்டு கார்பன் கோடுகள். அழுத்தினால் வட்டம் கோடுகளை இணைக்கிறது. போர்டில் உள்ள சிப் எட்டுப் பொத்தான்களின் நிலையையும் பார்த்து, பெட்டி கேட்கும்போது ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லி அனுப்புகிறது. எட்டுப் பொத்தானுக்கும் சேர்த்து ஐந்தே கம்பி: 5 வோல்ட், கிரவுண்ட், பிடி என்று சொல்ல ஒன்று, அடுத்தது என்று சொல்ல ஒன்று, பதில் வர ஒன்று.

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அந்தக் கோடுகளின் இரு பக்கமும் வைத்து, ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தேன். இடது பொத்தான் சில நூறு ஓம். மேல், கீழ் இரண்டும் ஏறக்குறைய அப்படித்தான். வலது 40 கிலோ ஓமுக்கு மேல், அதுவும் நிற்கவில்லை. விரலைக் கொஞ்சம் சாய்த்தால் எகிறும், அழுத்தத்தைக் கூட்டினால் இறங்கும், திடீரென்று தொடர்பே அறுந்து போகும்.

ஏன் வலது மட்டும்? எந்தக் கேமில் நாம் இடது பக்கம் போயிருக்கிறோம்? மரியோ வலப்பக்கம் ஓடினான், கான்ட்ராவில் வலப்பக்கம் சுட்டோம், ஆர்தரும் வலப்பக்கம்தான் போகிறான். வருடக்கணக்கில் எல்லாக் கதாநாயகர்களின் பாரமும் அந்த ஒரு கார்பன் வட்டத்தின் மேல்.

இப்போது தாவலுக்கு வாருங்கள். வலது பெருவிரல் ஏ பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் இடது பெருவிரல் தானாகவே கொஞ்சம் தளரும், இது யாருக்கும் நடப்பது. நல்ல ரப்பர் அந்தத் தளர்வைப் பொறுத்துக்கொள்ளும். தேய்ந்த ரப்பரில் அதே நேரத்தில் தொடர்பு கண் சிமிட்டும். நடக்கும்போது அப்படி ஆனால் தெரியவே தெரியாது, ஒரு காலடி தாமதமாகும், அவ்வளவுதான். மரியோவிலும் பெரிய நஷ்டமில்லை, நடுவானில் திருப்பிக்கொள்ளலாம். மகாய்முராவில் கால் தரையை விட்ட அந்த நேரத்தில் வலது இல்லை என்று பெட்டி எழுதிக்கொண்டால் எழுதியதுதான். ஆர்தர் நேரே மேலே போய்ப் பிணத்தின் தலையில் இறங்குவான். பல கேம் இருந்தும் இந்த ஒரு கேம் மட்டும் எங்களை ஏன் அப்படி வதைத்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இது.

புது ரப்பர் வரும்வரை ஒரு குறுக்கு வழி. திசைப் பொத்தானின் ரப்பர் தனித் துண்டாக, நான்கு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. அதை அப்படியே 180 பாகை திருப்பிப் போட்டேன். வேலையே செய்யாமல் புதிதாக இருந்த இடது வட்டம் வலது பக்கம் வந்துவிட்டது. மீட்டரில் வலது சில நூறு ஓமுக்கு இறங்கியது. உங்கள் கன்ட்ரோலரில் ரப்பரின் துளைகள் சமச்சீராக இருந்தால் செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

போர்டின் பக்கம் உள்ள கார்பனில் அழிப்பானைக் கொண்டு போகாதீர்கள். கேசட்டில் இருப்பது உலோகம், தேய்க்கலாம். இது அச்சடித்த மை, தேய்த்தால் மையே போய்விடும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டும் வைத்தியமும் உண்டு, சில வாரம் பிரமாதமாக வேலை செய்யும், அதற்குள் அந்தத் தாள் போர்டின் கார்பனைச் சுரண்டி வைத்திருக்கும். பென்சில் கரி தடவுவது தாளைவிடத் தேவலாம், ஆனால் நிற்காது. ஆன்லைனில் ரப்பர் மெத்தை ஒரு ஜோடி எனக்குப் பத்து ரிங்கிட்டுக்குள் கிடைத்தது. அதையே வாங்கிப் போடுங்கள்.

ஒயர் கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கம்பி உள்ளுக்குள் அறுந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஐந்து கம்பியையும் திரும்பப் பற்ற வைத்தேன். பிரிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நகல் பெட்டிகளில் கம்பியின் நிறத்துக்கு எந்த விதியும் கிடையாது.

தானாகவே திரும்பத் திரும்ப அழுத்தும் டர்போ பொத்தான்களையும் சுத்தம் செய்தேன், ஆனால் இந்தக் கேமில் அவை துரோகிகள். ஆர்தர் எறியும் ஆயுதம் திரையில் ஒரே நேரத்தில் இத்தனைதான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. டர்போவை அழுத்தினால் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும், அவை திரையை விட்டு வெளியேறும்வரை கையில் ஒன்றும் இருக்காது. சரியாக அப்போதுதான் சிவப்புப் பேய் பாயும்.

எந்த டிவியில், எந்த வேகத்தில்

ஹாலில் உள்ள பெரிய தட்டை டிவியில் மஞ்சள் செருகியைக் குத்தினேன். படம் நன்றாகவே வந்தது. விளையாடினால் ஏதோ இழுத்தது. அக்கா மகனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்து, அவன் விரலும் திரையும் ஒன்றாகத் தெரிய போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தேன். நொடிக்கு 240 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படமும் சுமார் 4 மில்லி வினாடி. பொத்தான் கீழே போனதிலிருந்து ஆர்தர் எழும்பும்வரை எண்ணிப் பார்த்தால் கணக்கு 100 மில்லி வினாடியைத் தாண்டியது. டிவியில் கேம் மோடைப் போட்டதும் பாதியாகக் குறைந்தது. அதற்கு மேல் குறையவில்லை. பழைய கேமின் சிக்னலை இந்த டிவிகள் வாங்கி, வரிகளைக் கோத்து, பெரிதாக்கி, மெருகு போட்டுக் காட்டுகின்றன. அந்த மெருகுக்குத்தான் நேரம் பிடிக்கிறது.

பழைய சாமான் கடையில் 14 அங்குலக் குழாய் டிவி ஒன்று கிடைத்தது. கடைக்காரருக்கு அது அங்கிருந்து போனால் போதும். அனலாக் ஒளிபரப்பு 2019ல் நின்ற பிறகு இதை யார் வாங்குவார்கள்? வெளியே மட்டும் துடைத்தேன். குழாய் டிவியின் முதுகைத் திறக்கும் ஆசை வேண்டாம், உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் குழாயில் கொஞ்சம் தங்கியிருக்கும். அதில் பொத்தானும் ஆர்தரும் ஒன்றாக எழும்பினார்கள்.

அப்போதுதான் அக்கா மகன், "மாமா, இது ஸ்லோவா இருக்கு. போன்ல இதைவிட ஃபாஸ்ட்லா" என்றான். அவன் ஏற்கெனவே போனில், பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஆடிப் பார்த்திருக்கிறான். பெட்டியில் இன்னும் ஏதோ கோளாறு என்று நினைத்தான்.

கோளாறு இல்லை. ஜப்பானிய ஃபேமிகாம் ஒரு நொடிக்கு 60 படம் வரைகிறது, ஏனென்றால் ஜப்பானிய டிவி அப்படி. பேல் என்ற முறையில் ஓடும் நம் ஊர் டிவிக்கு 50. கேமின் நிரலோ நொடியை எண்ணுவதில்லை, படத்தைத்தான் எண்ணுகிறது. ஆக, அங்கே 1 நொடியில் நடப்பது இங்கே 1.2 நொடி எடுக்கும். நம் பெட்டிகளைச் செய்தவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறார்கள்: மூளைச் சிப்பின் வேகத்தை மட்டும் ஜப்பானியப் பெட்டிக்கு மிக அருகில் வைத்தார்கள், அங்கே 1.79 மெகாஹெர்ட்ஸ், இங்கே 1.77. ஒலி அந்தச் சிப்பிலிருந்தே வருவதால் பாட்டின் சுருதி அநேகமாக மாறவில்லை, தாளம் மட்டும் மெதுவாகிவிட்டது. சுருதி மாறியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். தாளம் மெதுவானதை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒன்று இல்லாத நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

அதாவது உலகத்தின் மிகக் கடினமான கேம்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய இதை, நாங்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஆடியிருக்கிறோம். அதிலும் தோற்றோம்! தோட்டத்து நண்பன் ஒருவன் இப்போது செம்பனை லோரி ஓட்டுகிறான், அவனிடம் இதைச் சொன்னபோது நம்ப மறுத்தான். "நீ வேணா ஸ்லோவா ஆடியிருப்ப மச்சான், நான் ஃபுல் ஸ்பீடுலதான் ஆடினேன்."

எனக்கு 50 போதும். 60ல் ஆடுவதுதான் அசல் என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் என் விரலுக்கு மனப்பாடமான மகாய்முரா இந்த மெதுவான மகாய்முராதான்.

ஆடிப் பார்த்தது

எல்லாம் சரியான பிறகு எது மிச்சம்? கேம் இப்போதும் கடினம்தான். ஆனால் எங்கே கடினம் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

முதல் கட்டத்து இடுகாட்டில் பிணங்கள் மண்ணிலிருந்து கண்ட இடத்தில் முளைக்கும். முன்பு பயந்து ஓடுவோம். நின்று, இரண்டு எட்டு வைத்து, நின்று போனால் அவை ஒன்றும் பெரிய தொல்லை இல்லை. சிவப்புப் பேய் வேறு ரகம். அது உட்கார்ந்து காத்திருக்கிறது, நாம் ஆயுதம் எறிந்தால் பார்த்து விலகுகிறது. எறிவதை நிறுத்தினால்தான் அது தாழ வரும். நான் எறியாமல் நிற்கிறேன், அது சரிந்து பாய்ந்து தரையோடு வரும்போது ஒன்றே ஒன்று எறிகிறேன். சின்ன வயதில் டர்போவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தவனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. இந்தப் பேயை உருவாக்கியவர்களுக்கே அதன் மேல் பாசம் போல, 1990ல் அதையே நாயகனாக வைத்துக் கேம் பாய்க்கு ஒரு தனிக் கேம் வெளியிட்டார்கள்.

ஆயுதத்தைப் பொறுத்தவரை குத்துவாள் கிடைத்தால் அதை விடாதீர்கள். தீப்பந்தம் தரையில் கிடந்தால் சுற்றிப் போங்கள், அதை எடுத்தவன் கெட்டான். வளைந்து போய்க் கீழே விழும், எதிரே வருகிறவனுக்கு உதவாது. இதில் கேமின் அயோக்கியத்தனம் ஒன்று உண்டு. கடைசிப் பேயின் அறைக்கு முன்னால் குறிப்பிட்ட ஓர் ஆயுதம் கையில் இருந்தாக வேண்டும், ஜப்பானியப் பதிப்பில் அது சிலுவை, மற்றதில் கேடயம். இல்லாமல் போனால் ஐந்தாம் கட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். இதைக் கேம் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடினம் என்றால் எனக்கு மரியாதை உண்டு. இது கடினம் இல்லை, ஏமாற்று. ஆர்கேட் இயந்திரத்தில் காசு விழ வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை, வீட்டுப் பெட்டிக்கு வந்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபேமிகாமுக்கு மாற்றியவர்கள் மைக்ரானிக்ஸ் என்ற வேறொரு குழு. அவர்கள் கைவண்ணமும் தெரிகிறது: அசைவு வெட்டி வெட்டி இருக்கும், எதிரிகள் கூடினால் படம் மின்னி மறையும். மறைந்த அந்த நேரத்தில் வந்து மோதிய எலும்பையெல்லாம் என் கணக்கில் சேர்க்க மாட்டேன். சிப்பால் ஒரே வரியில் எட்டு உருவத்துக்கு மேல் வரைய முடியாது, அதனால் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். இதற்கு என்னிடம் பழுதுபார்ப்பு கிடையாது.

முதல் கட்டம் இப்போது கவசத்தோடு முடிகிறது. இரண்டாம் கட்டத்துப் பனி தாண்டி, பெரிய பூதங்கள் இருக்கும் வீடுகளில் பாதி நேரம் மாட்டிக்கொள்கிறேன். அங்கே ஏணியில் ஏறும்போது ஆயுதம் எறிய முடியாது, மேல் மாடியில் பூதம் இந்தப் பக்கம் நடந்து வருகிறதா அந்தப் பக்கம் போகிறதா என்று பார்த்துத்தான் ஏற வேண்டும். அக்கா மகன் அந்த வீடுகளை என்னைவிட நன்றாகக் கடக்கிறான். போனில் 60ல் பழகியவனுக்கு 50 என்பது விடுமுறை மாதிரி. மூன்றாம் கட்டத்தை அவன்தான் எனக்குக் காட்டினான்.

இன்னும் செய்ய வேண்டியது: இரண்டாவது கன்ட்ரோலரின் திசை ரப்பர் கிழிந்தே போயிருக்கிறது, அதைத் திருப்பிப் போட்டாலும் பயனில்லை. வாங்கிய ஜோடியில் மிச்சமிருக்கும் துண்டு அதற்கு ஒரு மில்லிமீட்டர் உயரம் கூடுதல், பொத்தான் எப்போதும் அழுத்தியபடியே நிற்கிறது. உயரத்தை அளந்து வேறு ஒன்று சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் லோரிக்காரனைக் கூப்பிட்டு, அவன் ஃபுல் ஸ்பீடைப் பார்க்க வேண்டும்.